பரணில் கிடக்கும் பாலம்

வீட்டின் கடைசி அறைக்கு வைஃபை எட்டவில்லையா? புதுக் கருவி வாங்குமுன் பழைய ரவுட்டரைத் தேடி எடுங்கள். ஆனால் அதன் பூட்டைச் சோதித்த பிறகே சுவரில் மாட்டுங்கள்.

நகரத்து வீடுகளின் பரண்களில் புதிதாக ஒரு பொருள் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஓடாத மிக்ஸிக்கும் கைப்பிடி அறுந்த சூட்கேஸுக்கும் நடுவே, ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு பழைய ரவுட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பி.எஸ்.என்.எல். 2005-இல் பிராட்பேண்ட் தொடங்கிய காலத்தில் தொலைபேசிக் கம்பியில் மாட்டிய மோடம், பிறகு கேபிள்காரரின் இணைப்புக்காகக் கடையில் வாங்கிய பெட்டி, ஃபைபர் வந்ததும் கழற்றி வைத்த இன்னொன்று என்று சில வீடுகளில் இரண்டு மூன்று கூடத் தேறும். கம்பெனி மாறும்போதெல்லாம் ஒரு பெட்டி மிச்சம். எதற்காவது உதவும் என்று எடுத்து வைத்தவர்கள், எதற்கு என்று யோசிப்பதில்லை.

உதவக்கூடிய இடம் அதே வீட்டில்தான் இருக்கிறது. சிக்னல் எட்டாத கடைசி அறை.

இந்திய வீடுகளில் ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்ல, ஃபைபரை இழுத்து வந்த ஆள். வாசலுக்குப் பக்கத்தில், கம்பி நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அங்கிருந்து கிளம்பும் ரேடியோ அலை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களையும் கம்பி கட்டிய கான்கிரீட் தூண்களையும் கடந்து வர வேண்டும். வழியில் இரும்பு பீரோ நின்றால் அலை அதில் பட்டுத் திரும்புகிறது. தண்ணீர்த் தொட்டி இருந்தால் தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்கிறது. கொல்கத்தாவின் பழைய வீடுகளில் சுவர்கள் இன்னும் பருமன். டெல்லியிலோ ரயில்பெட்டி மாதிரி நீளமான ஃபிளாட்டுகள். விளைவு ஒன்றுதான். கூடத்தில் நான்கு கோடு காட்டும் செல்போன், பின்னறையில் ஒரு கோட்டுக்குத் தவிக்கிறது.

இதை வெறும் சௌகரியக் குறைவு என்று ஒதுக்க முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிக்கூடமும் ஆபீசும் ஒரே நாளில் வீட்டுக்குள் நுழைந்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. சிக்னல் நன்றாக இருக்கும் இடம் சம்பாதிப்பவருக்குப் போயிற்று. பின்னறைக்குத் தள்ளப்பட்டவர்கள் படிக்கும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். ஊரடங்கு முடிந்துவிட்டது. ஆனால் பரீட்சைக்கான பாடங்களும் டாக்டரிடம் வீடியோவில் ஆலோசனை கேட்பதும் இணையத்திலேயே தங்கிவிட்டன. கூடத்தில் டி.வி. ஓட, சமையலறையில் குக்கர் கத்த, படிக்கிற பிள்ளை நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தும் அங்கே இணையம் இல்லை என்பதே காரணம்.

இதற்குச் சிறந்த வழி ஒரு கம்பி. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் தகவலைக் கொண்டுபோகும். கூடத்து ரவுட்டரிலிருந்து பின்னறைக்கு ஒரு கம்பி இழுத்து, அங்கே பழைய ரவுட்டரை மாட்டினால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் நகரங்களில் லட்சக்கணக்கானவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சுவரில் துளை போட வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தாலும் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். சொந்த வீடு என்றாலும், போன வருடம் பெயின்ட் அடித்த சுவரில் கை வைக்க யாருக்கும் மனம் வராது.

கம்பி போக முடியாத இடத்தில்தான் பாலம் வருகிறது. இந்த ஏற்பாட்டில் பழைய ரவுட்டர் இணையத்தை விநியோகிக்கும் வேலையை விட்டுவிடுகிறது. ஒரு செல்போனைப் போல அது கூடத்து ரவுட்டரின் வைஃபையில் சேர்ந்துகொள்கிறது. அங்கே கிடைப்பதை, தன் முதுகில் இருக்கும் கம்பித் துளைகள் வழியாகப் பின்னறைக் கம்ப்யூட்டருக்கோ டி.வி.க்கோ பிரின்டருக்கோ கொடுக்கிறது. ஆகாயத்தில் வருவதைக் கம்பிக்கு மாற்றித் தரும் இந்த வேலைக்குத்தான் வயர்லெஸ் பிரிட்ஜ் என்று பெயர்.

கேட்க எளிது. செய்யப் போனால் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வைஃபை வகுக்கப்பட்ட முறையே அதற்குக் காரணம்.

ஒரு செல்போன் ரவுட்டருக்கு அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டின் தலைப்பிலும் வழக்கமாக மூன்று முகவரிகள் இருக்கும். கையில் கொடுப்பவர், வாங்கிக்கொள்பவர், கடைசியில் பெறுபவர். கடிதத்தை எழுதியவர் யார் என்று தனியாகக் குறிக்க இடமில்லை. கொடுப்பவரே எழுதியவர் என்று ரவுட்டர் எடுத்துக்கொள்கிறது. செல்போனைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் பாலமாக நிற்கும் ரவுட்டர் தன் கடிதத்தைக் கொடுப்பதில்லை. தனக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரின் கடிதத்தைக் கொடுக்கிறது. எழுதியவருக்கு இடமில்லாததால் பதில் யாருக்குப் போக வேண்டும் என்பதில் குழப்பம் வருகிறது.

இதற்கு இரண்டு வைத்தியங்கள் இருக்கின்றன. ஒன்று, நான்காவது முகவரிக்கும் இடம் விடும் முறை. டபிள்யூ.டி.எஸ். என்ற பெயரில் பல ரவுட்டர்களில் இருக்கிறது. பழுதில்லாத பாலம் இதுதான். ஆனால் இரண்டு பக்கமும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இதைச் செய்யும் விதம் வேறுபடுவதால், ஒரே கம்பெனியின் இரண்டு பெட்டிகள் சேர்ந்து போகும் அளவுக்கு வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள் சேர்ந்து போவதில்லை. இரண்டாவது வைத்தியம், பாலமே இடையில் உட்கார்ந்து முகவரிகளை மாற்றி எழுதுவது. பின்னால் இருக்கும் எல்லோர் கடிதத்தையும் தன் பெயரில் அனுப்பி, வரும் பதில்களைப் பிரித்துக் கொடுக்கும். கிளையன்ட் அல்லது யுனிவர்சல் ரிப்பீட்டர் என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் இந்த ரகம். கூடத்து ரவுட்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வேலை செய்யும். எப்போதாவது ஒரு கருவி முகவரி கிடைக்காமல் முரண்டு பிடிக்கும்.

மூன்றாவதாக விஸ்ப் என்று ஒரு தேர்வும் சில பெட்டிகளில் இருக்கும். சுலபமாக இணைந்துவிடும் என்பதால் பலர் இதைத் தட்டிவிடுகிறார்கள். இது பாலமல்ல, வேலி. பழைய ரவுட்டர் தனக்குப் பின்னால் தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்கிறது. இணையம் வரும். ஆனால் கூடத்து டி.வி.யைப் பின்னறைச் செல்போன் கண்டுபிடிக்காது. முன்னறையிலிருந்து பின்னறைப் பிரின்டருக்கு ஒரு தாள் அனுப்ப முடியாது.

அடுத்தது வேகம். இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய ரவுட்டர் வாங்கியதைக் கம்பி வழியாக மட்டும் கொடுத்தால், அது பாலம். வாங்கியதை மறுபடியும் வைஃபையாக ஒலிபரப்பினால், அது ரிப்பீட்டர். ஒரே ரேடியோ உள்ள பெட்டி ஒரே சமயத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. ஒவ்வொரு தகவல் துண்டும் அதே சானலில் இரண்டு முறை பயணம் செய்கிறது. ஆகவே ரிப்பீட்டராக வைத்த மறுநிமிஷம் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும். பாலத்தில் இந்த நஷ்டம் இல்லை. மேஜைக் கம்ப்யூட்டர், டி.வி. போன்று நகராத கருவிகளுக்குப் பாலம் சிறந்தது என்பதன் காரணம் இதுதான்.

செல்போனுக்கும் சிக்னல் வேண்டும் என்றால், இரண்டு பட்டைகளில் இயங்கும் ரவுட்டர் கைவசம் இருப்பது நல்லது. 5 கிகாஹெர்ட்ஸில் கூடத்திலிருந்து வாங்கி, 2.4 கிகாஹெர்ட்ஸில் பின்னறைக்குக் கொடுக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி ரேடியோ இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்காது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005-இலேயே உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் திறந்துவிடப்பட்டது. 2.4 பட்டையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கின்றன. ஆனால் அதன் அலைதான் சுவரைத் தாண்டித் தொலைவு போகும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். சுவருக்கு முன் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

அட்டைப் பெட்டியின் மேல் 300 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாறக் கூடாது. கைக்கு வருவது அதில் பாதிக்கும் குறைவுதான். தவிர, பழைய பெட்டிகளின் கம்பித் துளைகள் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவர் பாலத்துக்கு அப்பால் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு வீடியோ வகுப்புக்குச் சில எம்பிபிஎஸ் இருந்தால் போதும். பூஜ்யத்திலிருந்து முப்பதுக்குப் போவது பின்னறைப் பிள்ளைக்குப் பெரிய மாற்றம்.

செய்யும் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் வேலை. முதலில் பெட்டி உங்களுடையதுதானா என்று பாருங்கள். இணைப்புக் கம்பெனி கொடுத்த பெட்டி பல திட்டங்களில் கம்பெனியின் சொத்து. இணைப்பை விடும்போது திருப்பித் தர வேண்டியது. சொந்தப் பெட்டிதான் என்றால், பின்னால் ஊசி நுழையும் ரீசெட் துளையைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பழைய கணக்கை அழித்துவிடுங்கள். கம்ப்யூட்டரைக் கம்பியால் அதில் மட்டும் இணைத்து, அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரௌசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். வயர்லெஸ் பக்கத்தில் பிரிட்ஜ், டபிள்யூ.டி.எஸ்., கிளையன்ட், ரிப்பீட்டர் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். தொலைபேசிக் கம்பிக் காலத்து மோடங்கள் பலவற்றில் இவை இருக்காது. அவை கம்பி இழுத்த வீட்டுக்கு உதவலாம், பாலத்துக்கு உதவாது.

தேர்வு இருந்தால், மூன்று மாற்றங்கள். முதலாவது, பழைய ரவுட்டரின் முகவரி. கூடத்து ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே கதவு எண் ஆகாது. கூடத்து ரவுட்டர் மற்ற கருவிகளுக்குத் தானாக வழங்கும் எண்களின் வரிசைக்குள் அந்த இரண்டாம் எண் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இந்தப் பெட்டியின் டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். வீட்டில் எண் வழங்கும் அதிகாரி ஒருவர்தான் இருக்க வேண்டும். இருவர் இருந்தால் சில கருவிகளுக்குத் தவறான வழி கிடைத்து, இணையம் வருவதும் போவதுமாக இருக்கும். மூன்றாவது, கூடத்து ரவுட்டரின் சானல். டபிள்யூ.டி.எஸ். முறையில் இரண்டும் ஒரே சானலில் இருக்க வேண்டும். கூடத்து ரவுட்டர் தானே சானலைத் தேர்ந்துகொள்ளும் நிலையில் இருந்தால், அது ஒரு நாள் ராத்திரி சானலை மாற்றும். காலையில் பாலம் இடிந்திருக்கும். 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிலைநிறுத்துங்கள். பிறகு பழைய பெட்டியை அருகில் தெரியும் வைஃபைகளைத் தேடச் சொல்லி, உங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

இதையெல்லாம் இரண்டு பெட்டிகளையும் ஒரே அறையில் வைத்துச் செய்து, சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு இடம் மாற்றுவது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் கோளாறு செட்டிங்கிலா, சுவரிலா என்றே தெரியாது.

இடம் தேர்வதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சிக்னல் வராத அறையின் மூலையில் கொண்டுபோய்ப் பாலத்தை வைக்கிறார்கள். சிக்னலே எட்டாத இடத்தில் செல்போனுக்குக் கிடைக்காதது பழைய ரவுட்டருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்? ஆற்றின் நடுவே தூண் ஊன்ற வேண்டும், அக்கரையில் அல்ல. சிக்னல் இன்னும் பாதியாவது மிச்சமிருக்கும் இடம், அதாவது நடைவழி அல்லது பின்னறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவர் சரியான இடம். சிக்னலை அளந்து காட்டும் செயலிகள் செல்போனுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அளவு மைனஸ் 65 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் பாலம் நிற்கும். மைனஸ் 80 என்றால் பேருக்குத்தான் பாலம். தரையில் வைக்காமல் ஆள் உயரத்தில் மாட்டுங்கள். பீரோவின் மேலும் கண்ணாடிக்குப் பின்னாலும் வேண்டாம்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுமார் 6 வாட் எடுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் மாதம் நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல். செலவு பெரிதல்ல. ஆனால் கூடத்து ரவுட்டர் இன்வெர்ட்டரிலும் பாலம் சாதாரண பிளக்கிலும் இருந்தால், மின்வெட்டு வந்ததும் கூடத்தில் இணையம் இருக்கும், பின்னறை இருண்டுவிடும். அடாப்டர் தொலைந்துபோய்விட்டது என்று கையில் கிடைத்ததை மாட்டவும் கூடாது. 9 வோல்ட் பெட்டியும் உண்டு, 12 வோல்ட் பெட்டியும் உண்டு. பிளக் இரண்டிலும் நுழையும். தவறானதை மாட்டினால் பெட்டி புகைந்துபோகலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லையென்றால், பெட்டி பரணுக்கே திரும்ப வேண்டும். அதன் பூட்டு எப்படி?

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிற்று. போலீசார் அதன் தடத்தைப் பிடித்துப் போய் நின்ற இடம், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் ஃபிளாட். அவர் வீட்டுப் பாதுகாப்பற்ற வைஃபையைப் பயன்படுத்தி யாரோ அனுப்பியிருந்தார்கள். அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அது தெளிவாவதற்குள் விசாரணை, கேள்விகள், பத்திரிகைகளில் செய்தி என்று எல்லாம் வந்துவிட்டன. அடுத்த வருடமே தொலைத்தொடர்புத் துறை வைஃபை இணைப்புகளுக்கான பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது.

பழைய ரவுட்டர் வீட்டுக்குள் கொண்டுவரும் ஆபத்து இதுதான். வைஃபையின் முதல் பூட்டான வெப் 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த டபிள்யூ.பி.ஏ.-2 2004-இல் அறிமுகமானது, அதற்கடுத்த டபிள்யூ.பி.ஏ.-3 2018-இல். மிகப் பழைய சில பெட்டிகள் பாலமாக வேலை செய்யும்போது வெப் பூட்டைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. இணைப்புக் கிடைக்கவில்லையே என்று கூடத்து ரவுட்டரின் பூட்டைத் தளர்த்திக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பின் ஜன்னலின் துருப்பிடித்த கொண்டிக்குப் பொருத்தமாக முன்வாசல் பூட்டைக் கழற்றுவது மாதிரி இது. டபிள்யூ.பி.ஏ.-2 ஏற்காத பெட்டியை ஏற்காதீர்கள். விதிவிலக்கு வேண்டாம்.

பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியில், எண்ணை ஊகித்து நுழைய முடியும் என்பது 2011 டிசம்பரில் வெளியாயிற்று. அதை நிறுத்திவிடுங்கள். ஆலையிலிருந்து வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-இல் உலகையே திணறடித்த மிராய் வைரஸ், மாற்றப்படாத பாஸ்வேர்டுகளை முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பாருங்கள். பாலம் கூடத்து ரவுட்டருக்குப் பின்னால் நிற்பதால் வெளியிலிருந்து நேராகத் தாக்குவது கடினம். ஆனால் கடினம் வேறு, முடியாது என்பது வேறு.

கம்பெனி கைவிட்ட பெட்டிக்கும் மறுவாழ்வு கொடுக்க ஒரு வழி உண்டு. லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலக்கறுப்புப் பெட்டி 2002 இறுதியில் வந்தது. அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது என்று 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிம விதிப்படி மூல நிரலைக் கம்பெனி வெளியிட வேண்டியதாயிற்று. அதை வைத்து 2004-இல் தொடங்கியதுதான் ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச மென்பொருள். இன்று நூற்றுக்கணக்கான மாடல்களில் அது ஓடுகிறது. பாலம் போடும் எல்லா முறைகளும் அதில் உண்டு. ஆனால் 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் உள்ள மலிவு விலைப் பெட்டிகளில் அதன் இன்றைய பதிப்புகள் நுழையாது. உங்கள் மாடலும் அதன் பதிப்பு எண்ணும் ஆதரவுப் பட்டியலில் அப்படியே இருந்தால் மட்டும் முயலுங்கள். ஏற்றும்போது நடுவில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்லாகிவிடும் என்பது இந்தத் துறையின் வழக்குமொழி. இன்வெர்ட்டர் பிளக்கில் வைத்துச் செய்வது நல்லது.

எதற்கும் தேறாத பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேர வேண்டும். இல்லாவிட்டால் டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் வெறும் கையால் உடைத்தும் எரித்தும் உலோகம் பிரிப்பவர்களிடம் போய்ச் சேரும். ஒரு பெட்டியை இன்னும் மூன்று வருடம் ஓட வைப்பவர், அந்தப் புகையை மூன்று வருடம் தள்ளிப்போடுகிறார்.

ஆக, கணக்கு இவ்வளவுதான். கம்பி இழுக்க முடிந்தால் கம்பி. முடியாத வீட்டில், டபிள்யூ.பி.ஏ.-2 பூட்டும் பிரிட்ஜ் தேர்வும் உள்ள பழைய பெட்டி. இரண்டும் இல்லையென்றால் மட்டும் கடைக்குப் போகலாம். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது என்றால், பரணில் ஏற ஒரு ஏணி போட்டது வீண்போகவில்லை.